ஹுமூத்தின் முள் விருந்தாளி

என் புருஷன் ஹுமூத் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நஃபூது மணல்வெளி முழுக்கச் சலித்தாலும் எடுக்க முடியாது. நாற்பது வருஷமாகியும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த வருஷம் அவருக்கு இழுப்பு முற்றிப்போயிருந்தது. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். முள்ளெலிக் கறியில் சாறு வைத்துக் குடித்தால் நெஞ்சு திறக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினோம், அவரும்தான். மூன்று அந்தி புதர் புதராகத் தேடி, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துத் துரத்தினேன். பாழாய்ப்போனது, வேறு திக்கே இல்லாத மாதிரி நேரே எங்கள் கூடாரத்துக்குள் ஓடி, காப்பி அடுப்புப் பக்கம் சாய்ந்திருந்த அவர் முழங்காலை ஒட்டிச் சுருண்டுகொண்டது.

நான் கூடையை நீட்டினேன். அவர் கையைக் குறுக்கே வைத்தார்.

"தொடாத. அடைக்கலம் வந்திருக்கு."

"தர்ஃபா அப்பா, அது உங்களுக்கு மருந்து. மனுஷனா என்ன, அடைக்கலம் கேக்க?"

"கூடாரம் என்னுதுதானே? மூணு நாள் இது என் விருந்தாளி."

கூடாரத்துக்குள் வந்து விழுந்தவன் பகையாளியே ஆனாலும் மூன்று நாள் கை வைக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். சரி, மூன்று நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியைத் தீட்டி வைத்தேன். மனுஷன் இழுத்துக்கொண்டே அதற்கு வண்டு பொறுக்கிப் போட்டார். அது நறுக் நறுக்கென்று தின்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அப்படி நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

நாலாம் நாள் விடியலில் அவரும் இல்லை, அதுவும் இல்லை. மணலில் அவர் கால்தடம் போயிற்று. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பள்ளம். ஏழு பள்ளம் எண்ணினேன். எட்டாவதில் அவரே இருந்தார், வெறுங்கையோடு, உதடு நீலம் பாரித்து. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூச்சு வரும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"என்னை நம்பி வந்ததை அறுத்துத் தின்னு, அதுல வர்ற மூச்சை வெச்சுகிட்டு நான் என்னடி பண்ண?"

அவரை முதுகில் சுமந்து வந்தேன். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

இப்போது டவுனில் மகள் தர்ஃபாவின் சிமெண்டு வீட்டில் இருக்கிறேன். அந்தக் கறியில் ஒரு மருந்தும் கிடையாது, மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் ஒருவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. மருந்து என்று நம்பியிருந்தும்தானே அவர் அதை விட்டுவிட்டு வந்தார்.