நாலு என்று சொன்னவள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஒத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்குக் கோபம் வராமல் பாட்டா வரும்? பதினாலு பிள்ளைகளை ஏழரை மணிக்குள் வீடு வீடாகப் போய் அள்ளிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒன்றை எங்காவது விட்டுவிடுவேனோ என்கிற பயம் மட்டும் வயிற்றுக்குள் ஓயாமல் கிடக்கும். அதனால்தான் எண்ணிக்கை வைத்தேன். வேனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். வரிசையாகக் குரல் வந்தால்தான் வண்டி நகரும்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன். காலையில் சாவியோடு வாசலில் நின்று "ஒண்ணு!" என்று நான் ஆரம்பிப்பேன். என் மனைவி "ரெண்டு" என்பாள். பெரியவள் கண்ணாடி முன்னாலிருந்து "மூணு" என்று இழுப்பாள். ஐந்து வயதுச் சின்னவள் "நாலு". அப்புறம் எல்லோரும் என் வேனிலேயே ஏறுவோம். மனைவியை அவள் வேலை செய்யும் மருந்துக் கடையில் இறக்கிவிட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போவேன்.

"வீட்டுலயும் டிரைவர் வேலைதானா? கொஞ்சம் புருஷனாவும் இருங்களேன்" என்று அவள் கிண்டல் செய்வாள். ஆனாலும் எண்ணைச் சொல்லிவிடுவாள்.

புது வீட்டுக்கு வந்த முதல் வாரம் நாய்படாத பாடு. சுவிட்செல்லாம் கதவுக்குப் பின்னால் இருந்தன. குழாயைத் திறப்பதாக நினைத்து இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். ஒரே குளியலறை என்பதால் யார் முதலில் என்று தினமும் பஞ்சாயத்து. கடைசியில் அட்டவணை எழுதி ஒட்டினேன். பெரியவள் அதற்குக் கீழே ‘இப்படிக்கு, ஹிட்லர்’ என்று எழுதி வைத்தாள். பின்னறையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அடுக்கியபடியே கிடந்தன.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பரம திருப்தி. சின்னவள் எண்ணைச் சொல்வதில் சூரப்புலி ஆகிவிட்டாள். "மூணு" என்ற சத்தம் அடங்குவதற்குள் பின்னறையிலிருந்து "நாலு" வந்துவிடும். இடம் மாறியதும் பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று மருந்துக் கடை வாசல் வரை பீற்றிக்கொண்டு போனேன்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வாசலில் நிற்கிறேன். சின்னவள் என் கண்ணெதிரே வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறாள். கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன.

"மூணு."

"நாலு" என்றது பின்னறை.

அவள் குரல்தான். அதே கீச்சு, அதே அவசரம். சின்னவளின் வாய் திறக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டிகள்தான் இருந்தன.

திரும்பி வந்து, "யாருடி சொன்னது?" என்றேன்.

அவள் தண்ணீரைத் துப்பிவிட்டு, "அவதான். தினமும் அவதான் சொல்றா. நான் சொல்ல வேணாம்னு சொல்லிட்டா" என்றாள்.

"எவ?"

"நாலுப்பா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, இந்த எண்ணுற வேலையை விட்டுடுங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

நான் கேட்டேனா? கேட்டிருந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்! "காலி ரூம்ல எதிரொலி வரத்தான் செய்யும். பிள்ளை கதை விடுது, நீயும் சேர்ந்து ஆடுற" என்று கத்தினேன். பயந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அடுத்த நாளும் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பிள்ளைகள் நனைந்துவிடுமே என்று எனக்குப் பரபரப்பு. குடையை விரித்து வாசற்படியில் பிடித்துக்கொண்டு "ஒண்ணு!" என்று கத்தினேன். என் மனைவி "ரெண்டு" சொல்லிக்கொண்டே வேனுக்கு ஓடினாள். பெரியவள் தங்கையின் பையையும் தூக்கிக்கொண்டு "மூணு" என்று ஓடினாள். "நாலு" என்றது, குடைக்கு அடியில், என் இடுப்புக்குப் பக்கத்திலேயே. நான் குனிந்து பார்க்கவில்லை. எண் சரியாக இருந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

சின்னவள் எப்போதும் கடைசி சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டு வருவாள், வேன் எண்ணிக்கையில் என் பிள்ளைகளைச் சேர்ப்பதுமில்லை, அதனால் யாரும் தேடவில்லை. பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். கடைசி சீட்டில் அவள் பை மட்டும் இருந்தது.

எப்படித் திரும்பி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. யாரையோ திட்டிக்கொண்டே வந்தேன், என்னைத்தான் என்று பிறகு புரிந்தது. கதவைத் திறந்து, "கண்ணு! எங்க இருக்கே?" என்று அலறினேன்.

"நாலு" என்று பின்னறையிலிருந்து வந்தது. ஓடினேன். யாருமில்லை.

"நாலு" என்றது சமையலறை. அங்கேயும் யாருமில்லை. என் மகளின் குரலுக்குப் பின்னாலேயே அறை அறையாக ஓடினேன், அவள் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் குளியலறைக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் சிக்கியிருந்தது. தோளால் மூன்று முறை இடித்ததும் பெயர்ந்துகொண்டு திறந்தது.

தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டித் தட்டிக் கை இரண்டும் சிவந்திருந்தன. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நான் கத்தினேன்ப்பா. என் சத்தம் வெளிய போகவே இல்ல. அவ சத்தம்தான் போச்சு."

அவளை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கேவிக் கேவி அழுதேன், வெட்கமில்லாமல். என் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் எண்ணை நம்பியவன் நான்தானே?

"அழாதப்பா" என்று கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "அவ கதவுக்கு வெளிய உக்காந்து பேசிட்டுத்தான் இருந்தா. உங்கப்பா கண்டிப்பா வந்துருவாருன்னு சொன்னா. அவங்க வீட்டுல எல்லாரும் கிளம்பினப்போ அவ தூங்கிட்டாளாம். அவங்கப்பா திரும்பி வரவே இல்லையாம்."

வேறு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிடைக்கும்வரை இங்கேதான் இருக்க வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டேன். எண்ணிக்கையை வீட்டிலும் நிறுத்தினேன், வேனிலும் நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். சின்னவளை வாசல் வரை கையைப் பிடித்தே கூட்டி வருகிறேன். நேரமாகத்தான் செய்கிறது, ஆகட்டும்.

திங்கட்கிழமை யாரும் எதுவும் சொல்லாமல் வெளியே வந்தோம். மூன்று பேரும் வேனில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தத் திரும்பினேன். வீட்டுக்குள் நல்ல வெயில் விழுந்திருந்தது. பின்னறை திறந்து கிடந்தது.

"அஞ்சு" என்றது உள்ளே.

அவசரமே இல்லாமல், ரொம்ப மெதுவாக, என்ன சொல்வேனோ என்று பயந்த குரலில். என் மகளின் இடம் அதற்கு இனி வேண்டாம் போலிருக்கிறது.

வாசலை ஒட்டி நின்ற வேனிலிருந்து என் மனைவியும் கேட்டுவிட்டாள். இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதில் சொல்லிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், வான்னு சொல்லிடாதீங்க."

பாவம், எந்தப் பிள்ளையோ.

கதவை இழுத்துப் பூட்டினேன். உள்ளே சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது, வேனுக்கு நேரமாகிவிட்டதென்று பிள்ளைகள் ஓடி வருமே, அந்த மாதிரி. கதவு வரைக்கும் வந்து நின்றது. நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினேன்.