கைப்பிடியில் பதினோரு கீறல்

அண்ணன் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்ததில்லை. இருந்தும் சொந்தக்காரர்கள் அவரைத் 'தளபதி' என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் இருந்த அப்பாவின் ரிவால்வரைப் பற்றி மேடைக்கு மேடை முழங்கி வாங்கிய பட்டம். கைப்பிடி மரத்தில் பதினோரு கீறல். ஆகவே பதினோரு எதிரிகள். அந்தத் துப்பாக்கியை இப்போது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறார். 'பதினோரு பகைவரை வீழ்த்திய வீரர்' என்று பித்தளைத் தகடுகூடத் தயார்.

அந்தப் பேச்சு வந்தாலே தங்கை எழுந்து போய்விடுவாள். பதினோரு பேரைக் கொன்ற கை என்று, சின்ன வயதில் அப்பா தலைகோத வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். அவர் சாகும்போதும் அந்தக் கையை அவள் தொடவில்லை.

அருங்காட்சியகத்தின் ஆயுத நிபுணர், உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ரிவால்வரை விளக்கடியில் சாய்த்தார்.

"யாரு சார் இதை இப்படித் தேய்ச்சது?"

"நான்தான். விழாவுல பளபளன்னு இருக்கட்டும்னு," என்றார் அண்ணன், பெருமையாக.

"நல்லா தேய்ச்சீங்க. பாதி முத்திரையைக் காணோம்."

சாக்பீஸ் பொடியை விரலால் தடவினார். கைப்பிடியின் பின்பக்க இரும்பில் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் வெள்ளையாகத் தெரிந்தன. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி ஒப்பிட்டார்.

"இது சண்டை போட்ட பிரிவு இல்லைங்க. ராணுவத்தோட கால்நடை ஆஸ்பத்திரி. கால் ஒடிஞ்ச குதிரை, கோவேறு கழுதை... பிழைக்காதுன்னு தெரிஞ்சா, வலியில துடிக்க விடாம முடிக்கறதுக்கு."

"கழுதையா?" அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "தகடு அடிச்சாச்சே சார்! அந்த முத்திரையை மட்டும் எழுதாம விட முடியாதா?"

"நீங்க இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சிருந்தா விட்டிருப்பேன்."

தங்கை மெதுவாகக் கேட்டாள். "அப்போ பதினொண்ணும் குதிரைங்கதானா?"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாதும்மா. துப்பாக்கி எந்தப் பிரிவுக்குச் சொந்தம்னுதான் முத்திரை சொல்லும். எதைச் சுட்டுச்சுன்னு சொல்லாது. சொல்லாததை நான் எழுத மாட்டேன்."

அறிக்கையில் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் பேனாவைத் தொடவில்லை. தங்கை வாங்கிப் போட்டாள்.

"மனுஷங்களாவும் இருக்கலாமில்ல?" என்றார் அண்ணன், கெஞ்சாத குறையாக.

"இருக்கலாம்ணா. இல்லாமலும் இருக்கலாம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து, நிபுணரின் அறையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதன்முறையாக அவருக்காக அழுதாள்.