போதும் என்ற குரல்

“அப்பா, இயர்போனைக் காதுல மாட்டியிருக்கும்போது நான் கூப்பிட்டா, அந்தச் சத்தம் எங்கப்பா போகும்?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

“காத்தோட போயிடும் கண்ணு” என்று சிரித்துவிட்டு ரயிலுக்கு ஓடினான் அவன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. நாளெல்லாம் இயந்திரத்தின் கிறீச்சொலி. போக வர ரயிலின் இரைச்சல். தம்பியின் தலைவலி தீரட்டும் என்று அண்ணன்தான் அந்த விலையுயர்ந்த இயர்போனை வாங்கிக் கொடுத்தார். “இந்த விலைக்கு ரெண்டு புதுக் காதே வாங்கியிருக்கலாம்டா” என்று கேலியும் செய்தார். வெளிச்சத்தத்தை அது வாசலிலேயே நிறுத்திவிடும்; வேண்டுமென்றால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விடலாம்.

காலையில் இருவரும் பூங்காவுக்குப் போவார்கள். தம்பிக்கு ஓட்டம், அண்ணனுக்கு நடை. களைத்துவிட்டால் அண்ணன் கையை உயர்த்தி, “டேய், போதும்டா!” என்று குரல் கொடுப்பார். எங்கே இருந்தாலும் தம்பி திரும்பி வந்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அன்று அவனுக்கு இன்னும் ஒரு சுற்று ஓட ஆசை. ‘போதும்’ காதில் விழாதபடி வெளிச்சத்தத்தை அடைத்துக்கொண்டான். குளத்தின் அக்கரையில் இருந்தபோது அண்ணன் கையை உயர்த்துவது தெரிந்தது. வழக்கம்தானே என்று இவனும் கையசைத்துவிட்டு ஓடினான். சுற்று முடிந்து வந்தபோது அண்ணன் புல்லில் கிடந்தார், பூங்காவைப் பெருக்கும் அக்காவின் மடியில் தலையோடு. உயிர் போயிருந்தது.

அதன்பிறகு இயர்போனை அவன் தொடவில்லை. “அதை மாட்டிக்கிட்டாத்தான் என்ன? தினம் தலையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவனை அரித்தது ஒன்றே ஒன்று. கூப்பிட்டும் தம்பி வரவில்லையே என்ற ஏக்கத்தோடு அண்ணன் போனாரா? அதை அறிந்தவள் அந்த அக்கா ஒருத்திதான். கேட்க நெஞ்சு துணியவில்லை.

கடைசியில் ஒரு காலை அவள் முன்னால் போய் நின்றான்.

“அக்கா... அன்னைக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டாரா?”

அவள் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். “உக்காரு தம்பி. கூப்பிட்டாரு. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்? ‘வர்றானா, வர்றானா’ன்னு கேட்டாரு. நீ முதுகைக் காட்டிக்கிட்டு ஓடிட்டிருந்த. ‘இதோ, உங்க தம்பி திரும்பிட்டாரு, ஓடி வர்றாரு’ன்னு சொன்னேன். அப்படியே முகம் தெளிஞ்சிடுச்சு. ‘மெதுவா வரச் சொல்லு, விழுந்துடப் போறான்’னாரு. அவ்வளவுதான்.”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“அந்த ஒரு பொய்க்குக் கடவுள்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். நீ அழாத” என்று அவன் முதுகைத் தடவினாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். “என்னை எழுப்பிவிடவே ஒரு ஆள் வேணும்போல. இந்த லட்சணத்துல சருகு வேற கொட்டித் தீர்க்குது.”

இறந்தவருக்குக் கொடுக்க முடியாததை இருப்பவர்களுக்குக் கொடுக்கும்படி இறைவன் ஒரு வழியை விட்டுத்தான் வைத்திருக்கிறான்.

மறுநாள் பூங்காவுக்கு யாரும் வருவதற்கு முன் அவன் வந்தான். பூங்காவின் சாமான் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த அக்காவின் துடைப்பத்தை எடுத்து, குளக்கரைச் சரிவு முழுக்கப் பெருக்கினான். ஈரச் சருகுகள் லேசில் நகரவில்லை. உள்ளங்கை கன்றிப் போனது. குவித்ததையெல்லாம் குப்பைக் குழியில் கொட்டி, துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே வைத்தான். பிறகு, அவள் வரும் வாசலை விட்டு மறுவாசல் வழியே ரயிலுக்குப் போனான்.