மாமனும் மச்சானும் பதித்த குளியலறை

முட்டி அறுவை சிகிச்சை முடிந்த அக்கா கொஞ்ச காலம் தம்பி வீட்டில் வந்து இருக்கட்டும் என்று முடிவானது. தம்பியும் அவன் மனைவியும் முதல் வேலையாகத் தங்கள் குளியலறை வாசலில் போய் நின்று பார்த்தார்கள். குளிக்க வேண்டுமென்றால் தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். தரை வழவழவென்று காலை வாரிவிடக் காத்திருந்தது. சுவரில் நாலைந்து டைல்ஸ் தட்டினால் உள்ளுக்குள் வெறுமையாகச் சத்தம் போட்டன. ஒன்று எப்போதோ விழுந்து, அந்த இடத்தைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள்.

"நானே பண்ணிடறேன். வீடியோல எல்லாம் தெளிவா காட்டறாங்க" என்றான் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கடுகளவு திருகாணியைக்கூடக் கை நடுங்காமல் பொருத்துவான்.

"நீங்க மாட்டின அலமாரி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

அலமாரி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அவள் பஸ் ஓட்டுகிறவள். ஒரு முடிவெடுத்துவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஆணியிலிருந்து வாசல்கதவு வரைக்கும் விற்கிற பெரிய வீட்டுச் சாமான் கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த விற்பனைப் பெண், "டைல்ஸ் எங்ககிட்ட எடுத்தா எங்க ஆளுங்களே வந்து பழசைப் பேத்துட்டுப் புதுசு பதிச்சுக் குடுத்துருவாங்க. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்" என்றாள். தம்பிக்கு அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் சுட்டது. இருந்தாலும், டைல்ஸைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டான். மாதிரிக்கு வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்றான். விற்பனைப் பெண்ணும் சளைக்காமல் தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து அவன் காலடியில் ஊற்றிக்கொண்டே வந்தாள். மணல் நிறத்தில் சொரசொரப்பாக ஒன்று வழுக்கவில்லை. தரைக்கு அது. சுவருக்கு இளம்பச்சை.

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கடையின் நீலச் சட்டை போட்ட ஒருவருக்குப் பெரிய மீசை, அதற்குச் சமமாகத் தொப்பை. இன்னொருவன் குளியலறைக் கதவில் குனிந்துதான் நுழைய முடிந்த நெட்டையன். இரண்டு பேரும் தொட்டியை அலுங்காமல் கழற்றி வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. தொட்டிக்குப் பின்னால் சுவர் ஊறிப் போயிருந்தது. அது காய்ந்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்று மீசைக்காரர் தம்பியிடம் சொன்னார். நெட்டையனும் தனியாக வந்து அதையே சொல்லிவிட்டுப் போனான்.

சுவர் காய்வதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கட்டில் தேவைப்பட்டதால் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். கழிப்பறை தனியாக இருந்ததால் பிழைத்தார்கள். குளிப்பதற்குத் தம்பியும் அவன் மனைவியும் மாடி வீட்டுக்குப் போனார்கள். அக்காவுக்குப் படி ஏற முடியாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி.

அக்கா நீச்சல் சொல்லித் தருகிறவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அவள் ஒரு சத்தம் போட்டால் அந்தக் கரையில் இருக்கிற பிள்ளை கையை நேராக்கும். அப்படிப்பட்ட குரல் சிகிச்சைக்குப் பிறகு எங்கோ போய்ப் பதுங்கிவிட்டது. சாப்பாடு போதுமா என்றால் போதும் என்பாள். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் உங்க இஷ்டம் என்பாள். "என்னால உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்று மட்டும் அடிக்கடி சொன்னாள்.

சுவர் காய்ந்ததும் வேலை மறுபடி தொடங்கியது. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போனபின், குளியலறைக்கு எதிரே நடையில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்தாள். அங்கேதான் காற்று வந்தது. மீசைக்காரர் நடையில் டைல்ஸ் வெட்டினார். நெட்டையன் உள்ளே பதித்தான். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உள்ள இருக்கறவர்கிட்டச் சொல்லுங்க, அந்த மூலையில பசை பத்தல."

உள்ளே இருக்கிறவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். அக்கா குழப்பத்தோடு, "மூலையில பசை பத்தலையாம்ப்பா" என்றாள்.

"மூலையை நான் பாத்துக்கறேன். அவரை டைல்ஸை நேரா வெட்டச் சொல்லுங்கக்கா."

இதையும் அக்கா சொன்னாள். அன்று முழுக்க ரசமட்டத்துக்கும் கத்திக்கும் தண்ணீர் வாளிக்கும் அவள்தான் தூது. சாப்பாட்டு நேரத்தில் மீசைக்காரர் வண்டியில் போய் உட்கார்ந்ததும் நெட்டையனைக் கேட்டாள்.

"உங்களுக்குள்ள என்னப்பா தகராறு?"

"அவர் என் அக்கா புருஷன்" என்றான் அவன், அதுவே பாதி விளக்கம் என்பதுபோல. "நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுல பூப்போட்ட டைல்ஸைத் தலைகீழாப் பதிச்சிட்டேன். இதைப் போய் எனக்குப் பொண்ணு பாக்கப் போன வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிச்சாருக்கா. மொத்த வீடும் சிரிச்சுது. அந்தப் பொண்ணும் சிரிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவளைத்தான் கட்டிக்கிட்டேன். ஆனா இவர்கூடப் பேசறதில்ல. கடைக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியாது, எப்பப் பாத்தாலும் ரெண்டு பேரையும் சேத்தே அனுப்பறாங்க."

ரொம்ப நாள் கழித்து அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சுவர் முடிந்து, தரை முடிந்து, கடைசியில் மூலையில் உட்கார்ந்து குளிக்கக் கட்டுகிற திண்டில் வந்து வம்பு முற்றியது.

"திண்டு தாழ்வா இருக்கணும்னு சொல்லுங்கம்மா. தப்பித் தவறிச் சறுக்கினாலும் அடிபடாது."

"தாழ்வா கட்டினா எந்திரிக்கவே முடியாதுன்னு சொல்லுங்கக்கா. உயரமாத்தான் கட்டணும்."

"இவர் எத்தனை திண்டு கட்டியிருக்காராம், கேளுங்கம்மா."

"அவர் கட்டினதெல்லாம் திண்டா, கல் மேடாக்கா?"

"நிறுத்துங்க!"

மாடி வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மீசைக்காரர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அக்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

"முட்டி என்னோடது. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? இனிமே ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் காதுல நான் போடமாட்டேன். ஐயா, நீங்க அந்தக் கவுத்த வாளி மேல உக்காருங்க. ம், உக்காருங்க. வலது காலை மடக்காம நேரா நீட்டுங்க. கையை எங்கேயும் ஊணக்கூடாது. இப்ப எந்திரிங்க, பாக்கலாம்."

மீசைக்காரர் முன்னால் சாய்ந்தார். தொப்பை குறுக்கே நின்றது. பக்கவாட்டில் சாய்ந்தார். வாளி கொஞ்சம் நகர்ந்ததே தவிர அவர் எழவில்லை. நீட்டிய கால் காற்றில் தனியாக ஆடியது. நெட்டையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கிற்று.

"டேய், சிரிக்காதடா! கையைக் குடு!" என்று கத்தினார் மீசைக்காரர்.

"மாமா, மெதுவா! மெதுவா, மாமா!" என்று அவன் கையைக் கொடுத்தான். அவர் பிடித்து இழுத்த வேகத்தில் அவனும் சரிந்து பசை மூட்டைமேல் உட்கார்ந்தான். இரண்டு பேரும் எழ முயலாமல் அப்படியே கிடந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மீசைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதுடா, மச்சான். உங்க அக்கா இன்னும் அதுக்கு என்னைத் திட்டறா."

நெட்டையன் சட்டையில் ஒட்டிய தூளைத் தட்டினான். "பூ தலைகீழா இருந்தது என்னவோ நிஜந்தானே மாமா."

அதன்பின் வேலை தடதடவென்று நடந்தது. டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி அக்காவை உட்காரவைத்தார்கள். எழுந்தாள், தலையாட்டினாள். ஒரு பெட்டியை எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். எந்த உயரத்தில் முட்டி முனகாமல் எழ முடிந்ததோ அந்த உயரத்தை அவளே சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். கைப்பிடி ஒன்று போதாது, ரெண்டு வேண்டும் என்றாள். ஷவரை உட்கார்ந்தபடியே எட்டிப் பிடிக்க வேண்டும் என்றாள்.

தம்பி வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே அவள் குரல் கேட்டது. என்னவோ ஏதோ என்று பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"அக்கா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கற."

திண்டை எழுப்பி, இடுக்குகளை அடைத்து, எல்லாம் நன்றாகக் காயும்வரை தண்ணீர் படக்கூடாது என்று மாமனும் மச்சானும் மாறி மாறிச் சொல்லிவிட்டு, ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். போகும்போது எந்த வழியாகப் போவது என்று இருவருக்கும் வாக்குவாதம். அது நேருக்கு நேர் நடந்தது.

காய்ந்ததும் முதலில் குளிக்கும் உரிமை யாருக்கு என்பதில் பேச்சே எழவில்லை. அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே நடந்தாள். தாண்டுவதற்கு எதுவும் இல்லை.

"நான் வேணா கூட வரட்டுமா அண்ணி?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"நீ பஸ் ஓட்டும்போது நான் வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சேனா?"

கதவு மூடிக்கொண்டது. தண்ணீர் விழத் தொடங்கியது. தம்பி கதவில் காதை வைத்தபடி நின்றான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் உட்காரவைத்தாள். வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. நடுவில் ஏதோ பாட்டுகூட வந்தது, சுருதி மட்டும் கொஞ்சம் தப்பியது.

அக்கா வெளியே வந்தபோது முகம் சிவந்து பளபளத்தது. தலையில் துண்டைக் கொண்டையாகக் கட்டியிருந்தாள். நேரே வந்து மேசைமுன் உட்கார்ந்து, இருவருக்கும் எடுத்து வைத்திருந்த சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"அந்த இளம்பச்சை யார் பாத்தது? நல்லா இருக்கு."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். மனைவி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.