வேணுவுக்கு விழுந்த மாலை

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சந்தை நடக்கும். சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து நடத்துவது. பூச்சிமருந்து அடிக்காத காய்கறி மட்டும்தான் அங்கே விற்கலாம். சந்தைக்குத் தலைவர் அடி அண்ணாமலை கிராமத்து ஜோதியம்மாள். அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவர்தான். கோடையில் கிணறு வற்றினால் சந்தையை மூடிவிடுவார்கள். நாலு மழை பெய்து செடி காய்க்கத் தொடங்கியதும் மறுபடி திறப்பார்கள்.

இந்த வருஷத் திறப்பை ஜோராகச் செய்துவிட வேண்டும் என்று ஜோதியம்மாளுக்கு ஆசை. சந்தையின் செயலாளர் புகழேந்தியைக் கூப்பிட்டார்.

"யாராவது பெரிய மனுஷனா பாத்து ரிப்பன் வெட்டச் சொல்லலாம்பா."

புகழேந்தி அலைந்து விசாரித்து, செங்கத்தில் இருக்கும் பரசுராமன் என்கிற ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரியைப் போனில் பிடித்தான். அவரும் வர ஒத்துக்கொண்டார்.

"உங்களை எப்படிங்கய்யா அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"வழுக்கைத் தலை, கண்ணாடி, வெள்ளைச் சட்டை. வெள்ளைக் கார்ல வருவேன் தம்பி."

இந்த அடையாளம் ஜில்லாவில் பாதி ஆண்களுக்குப் பொருந்தும் என்று புகழேந்திக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். காலையிலேயே பந்தல் போட்டு, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, மேளக்காரர் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வழுக்கைத் தலையும் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. சிறப்பு விருந்தினர் துணிப்பையோடு ஏன் வருகிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. மேளம் கொட்டியது. ஜோதியம்மாள் ஓடிப்போய்ச் சம்பங்கி மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

வந்தவர் பெயர் வேணு. கீழ்பென்னாத்தூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி சரசு அன்று காலையில் பையைக் கையில் திணித்து, "உங்க கடையில இன்னா விக்கிறீங்கனு எனக்கு நல்லாத் தெரியும். மருந்து அடிக்காத கத்திரிக்கா எங்க கெடைச்சாலும் வாங்கினு வாங்க" என்று துரத்தியிருந்தாள். அதற்காக வந்த மனுஷன்.

"இல்லீங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தார் வேணு.

"பேசறதுக்கு மைக் இருக்குதுங்கய்யா. மொதல்ல ரிப்பனை வெட்டுங்க" என்று புகழேந்தி கத்தரியைக் கொடுத்தான்.

வேணு சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கடைக்கு வருகிற யாரும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை. மேளம் வேறு விடாமல் கொட்டியது. வெட்டிவிட்டார்.

மைக்கைக் கையில் வாங்கியதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். "எனக்கும் விவசாயத்துக்கும் இருவது வருஷ சம்பந்தம்" என்று தொடங்கினார். அதற்கே கைதட்டல் பலமாக இருந்தது. அதற்குமேல் உண்மைக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை.

தோட்டத்தில் கத்திரிக்காய் போட்டிருந்த ஒரு பெண் எழுந்து, "ஐயா, காய்ப்புழு ஜாஸ்தியா இருக்குது. இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

கடையில் தினமும் கேட்கிற கேள்வி. வேணுவின் வாய் தானாகத் திறந்தது. "பத்து லிட்டர் தண்ணிக்கு இருவது மில்லி..." என்று சொல்லி, டக்கென்று நிறுத்தினார்.

"இருவது மில்லி இன்னாதுங்கய்யா?"

வேணு கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். "மோர்" என்றார்.

"மோரா?"

"புளிச்ச மோர். அடிக்கிறதுக்கு முன்னாடி செடிகிட்ட ரெண்டு வார்த்தை அன்பா பேசணும்."

கூட்டம் கைதட்டியது. "இன்னா அறிவு பாரு" என்றார் ஜோதியம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம்.

அந்த நேரத்தில்தான் வல்லரசு தக்காளிக் கூடையோடு தாமதமாக உள்ளே வந்தான். சந்தையில் கடை போடுகிறவன். மருந்துக்கடை இருக்கும் தெருவில்கூட நடந்ததில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறவன். மைக்கைப் பிடித்திருப்பவரைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வேணுண்ணா! மருந்துக்கடையை மூடிட்டா இங்க வந்துட்டீங்க?"

மேளக்காரர்கூட வாயைப் பிளந்தார். ஜோதியம்மாள் மெதுவாக வேணு பக்கம் திரும்பினார்.

"நீங்க பரசுராமன் ஐயா இல்லியா?"

"நான் கத்திரிக்கா வாங்க வந்தேம்மா" என்றார் வேணு.

ஜோதியம்மாள் அடுத்ததாக வல்லரசைப் பார்த்தார். "அவரு மருந்துக்கடைக்காரருனு உனக்கு எப்படிடா தெரியும்?"

வல்லரசு கூடையைக் கீழே வைத்தான். தக்காளிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். "காலண்டர் வாங்கப் போவேன்க்கா" என்றான். "அங்கதான் சும்மா குடுப்பாங்க."

யாரும் நம்பவில்லை. ஆனால் வேணு மைக்கிலேயே வெடித்துவிட்டார்.

"ஆமாம்மா! வருஷா வருஷம் வருவான். காலண்டர்ல பெருசு எது, சிறுசு எதுனு பிரிச்சுப் பாத்து, பெருசாப் பாத்து எடுத்துனு போவான். டீ வேற குடிப்பான். இன்னி வரைக்கும் ஒரு பொட்டலம் வாங்கனதில்ல. இவனால எனக்கு நஷ்டம்தான்!"

அந்த எரிச்சல் நடிப்பாக இருக்க முடியாது என்று ஜோதியம்மாளுக்குத் தெரிந்தது. "போய்க் கடையைப் போடுடா" என்றார். வல்லரசு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உண்மையான பரசுராமன் சட்டை கசங்கி இறங்கினார். கிரிவலம் முடிந்து திரும்பும் கூட்டத்தில் கார் மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு நடந்தும் ஆட்டோவிலுமாக வந்திருந்தார். வெட்டிய ரிப்பனின் இரண்டு நுனியையும் புகழேந்தி அவசரமாகச் சேர்த்து முடிச்சுப் போட்டான். மாலைக்குத்தான் வழியில்லை. இருந்தது ஒன்றே ஒன்று.

"அதைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார் ஜோதியம்மாள்.

வேணு இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாத்தானேம்மா போட்டீங்க? நானா கேட்டேன்?"

"அவருக்கே இருக்கட்டும்மா" என்றார் பரசுராமன். "எனக்குச் சம்பங்கி ஒத்துக்காது..." சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, வரிசையாக. தும்மிக்கொண்டே ரிப்பனை வெட்டினார். கத்தரி முடிச்சில் மாட்டிக்கொள்ள, வேணுதான் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து உதவினார். இருவருக்கும் சேர்த்து மறுபடி மேளம் கொட்டியது.

இத்தனை சத்தத்தில் ரோட்டில் போனவர்களெல்லாம் என்னமோ ஏதோ என்று உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா திரும்பாமல் ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதிக் கடைகள் காலி.

ஜோதியம்மாள் பந்தல் காலைப் பிடித்தபடி ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அவர் அழப்போகிறார் என்று பயந்து புகழேந்தி பக்கத்தில் வந்தான்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். கோவமா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கடைசியில் கூடை சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் சிரிப்புதான்.