சலாம் மட்டும் சொல்லிவிட்டு

அலி அக்பர் இறந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு பகல் பதினொரு மணிக்கு, தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வந்து நின்றார். பார்த்தவர் அவருடைய அண்ணன் சேக் தாவூது. தம்பி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுச் சலாம் சொன்னதாகவும், தான் பதில் சலாம் சொன்னதாகவும், அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை என்றும் வீட்டுக்கு வந்து மனைவி சாபிராவிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மூக்கு அடைத்திருந்தது. சில வாரங்களாகவே வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்கிருப்பீக மச்சான்" என்றாள் சாபிரா.

"கண்ண மூடல. மோட்டார் ஓடிட்டிருந்துச்சு. கேட்டுச்சு."

இது நடந்தது 1976-ல், கம்பத்தில், வைகாசி மாதம்.

அலி அக்பர் செத்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். கிளாஸைக் கையில் வாங்கியவர் அப்படியே சரிந்தார். நாற்பத்து நான்கு வயது. அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு டாக்டர் அவருக்குப் பிரஷர் இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டை அண்ணனிடம் கொண்டுவந்து காட்டினார். "பிரஷரு குக்கருக்குத்தாம்லே வரும். ரெண்டு நாளைக்கு மோரக் குடி" என்றார் சேக் தாவூது. இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அலி அக்பரும் சிரித்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மருந்து வாங்கவில்லை.

அதனால்தான் இந்த வருடம் மாசியில் சேக் தாவூதுக்குப் பிடரி வலித்தபோது சாபிரா ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. டாக்டர் கிருபாவதியின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பிரஷர் இருநூற்றுப் பத்துக்கு நூற்று முப்பது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "இது ஒண்ணுக்குள்ளயே மூணு மருந்து இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறக்கக் கூடாது." சாபிரா மறக்கவில்லை. இரண்டே மாதத்தில் நூற்று ஐம்பதுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் டாக்டர் கேட்பார்: தலைவலி இருக்கா, மயக்கம் வருதா, கால் வீங்குதா? இல்லை, இல்லை, இல்லை. அட்டையில் 'நலம்' என்று எழுதிக் கொடுப்பார்.

வீட்டில் நலமாக இல்லை. கொடிகளைக் கவாத்து வெட்டும் ஆட்களை நக்கல் பேசியே வேலை வாங்குகிறவர், பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். சோறு பாதியில் நின்றது. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தால் தொழுகை விரிப்பிலேயே அழுதார். தம்பி வாரத்துக்கு இரண்டு தடவை வந்தவர், ஆனியில் தினமும் வந்தார். சலாம் சொல்லுவார், நிற்பார், போய்விடுவார்.

இதைச் சாபிரா தர்காவில் ஹஜ்ரத்திடம் சொன்னாள். அவர் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தார். பிரஷரைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளினிக்கில் அலி அக்பர் வருவதைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எதை எங்கே சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. அவள் அதைச் சரியாகத்தான் கடைப்பிடித்தாள்.

ஆவணிப் பாதியில் ரமலான் பிறந்தது. "நோன்பு வாயில மாத்திர எப்பிடிப் போட?" என்றார் சேக் தாவூது. நோன்பு திறந்த பிறகாவது போடுங்கள் என்று சாபிரா கெஞ்சினாள். "எல்லாம் பெருநா கழிச்சுப் பாப்பம்" என்று மாத்திரை அட்டையை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டார். அவள் பயந்துகொண்டே இருந்தாள். ஆனால் பதினைந்தாம் நோன்பு வாக்கில் தம்பி வருவது குறைந்தது. இருபதுக்குப் பிறகு வரவே இல்லை. பெருநாளன்று பிரியாணி குழைந்துவிட்டது என்று தன் தங்கை ரம்லத்தைச் சேக் தாவூது கேலி செய்தபோது, அடுப்படியில் நின்ற சாபிராவுக்குக் கண் கலங்கியது.

பெருநாள் கழித்துப் பார்த்தால் பிரஷர் இருநூற்று இருபது. டாக்டர் சத்தம் போட்டார். "ஒங்க தம்பி எப்பிடிப் போனாருன்னு மறந்திருச்சா?" அன்றிலிருந்து சாபிராவே மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்து, விழுங்குகிறவரை நின்று பார்த்தாள். கார்த்திகையில் மறுபடியும் பந்தலுக்குக் கீழே சலாம் கேட்டது.

இந்தத் தடவை அது சலாமோடு நிற்கவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சாபிரா சாப்பாடு கொண்டுபோனபோது, சேக் தாவூது தோட்டத்துக் கிணற்று விளிம்பில் காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சத்தம் போடவில்லை. பின்னால் போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க மச்சான்" என்றாள்.

"அவன் இங்கனதான் உக்காந்திருந்தான். நானும் உக்காந்தேன். வேற ஒண்ணுமில்ல."

அன்று மத்தியானம் ரம்லத் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் அப்பயே நெனச்சேன் சாபிரா" என்றாள். "ரமலான்ல ஷைத்தானுக்கெல்லாம் வெலங்கு போட்டு வச்சிருப்பாக. அதான் ஒரு மாசம் ஒழிஞ்சிருந்துச்சு. பெருநா முடிஞ்சதும் அவுத்து விட்டாச்சு, வந்திருச்சு. நாப்பது நா தர்காவுலயே தங்க வையி."

"ஷைத்தானா? வர்றது ஒங்க தம்பியில்லயா மதினி?"

"அவனா வருவான்? அவன் உருவத்துல வருதுடி."

"செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு, சலாம் சொல்லிட்டு வர்ற ஷைத்தான எங்கயாச்சும் கேட்ருக்கீகளா?"

"ஆமா, நீ ஓதிப் படிச்ச ஆலிமு. எனக்கு வந்து சொல்லு" என்று ரம்லத் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அவள் போன பிறகும் சாபிராவால் அதை விட முடியவில்லை. அலி அக்பர் ஒரு வேளைத் தொழுகையையும் விடாதவர். அவளைத் தவிர வேறு யாரிடமும் பசிக்கிறது என்று சொல்லாதவர். அவருக்கு யார் விலங்கு போடுவார்கள்? அப்படியானால் ரமலானில் வேறு என்ன நின்றது? பகல் சோறு நின்றது. பகல் டீயும் பீடியும் நின்றன. நோன்பு திறந்ததும் அவையெல்லாம் திரும்பி வந்துவிடும். முப்பது நாளும் இரவும் பகலும் சேர்ந்து நின்றது ஒன்றே ஒன்றுதான். அது அலமாரியில் கிடந்தது.

மறுநாள் ரம்லத்தைப் புருஷனுக்குக் காவலாக வைத்துவிட்டு, தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். தர்காவில் சொன்ன எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். கிருபாவதி பேனாவைக் கீழே வைத்தார்.

"மூக்கு அடைச்சிருக்கா?"

"எப்பயும்."

"அழுகுறாகளா?"

"விடிஞ்சா அழுகதான்."

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க தலவலியத்தான கேட்டீக டாக்டரம்மா. மவுத்தாப் போனவுக வர்றத ஆஸ்பத்திரியில யாரு சொல்லுவா?"

"நாந்தான் கேட்ருக்கணும். புத்தகத்துல போட்ருக்கு. படிச்சுத்தான் இருக்கேன்" என்றார் டாக்டர்.

அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூன்றையும் விளக்கினார். ஒன்று உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றும். ஒன்று ரத்தக் குழாயை அகலமாக்கும். மூன்றாவது ஒரு வேரிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்தில் வைத்தியர்கள் பைத்தியத்துக்குக் கொடுத்த வேர். பிரஷரை நன்றாக இறக்கும். சிலருக்கு மனத்தையும் சேர்த்து இறக்கிவிடும். கெட்ட கனவு வரும், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது.

"மூணாவத எடுத்துருவோம். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு தர்றேன். இனிமே ஒண்ணுக்கு மூணு மாத்திர, தனித்தனியா. மத்தியானமும் ஒரு வேள உண்டு. ஆனா ஒண்ணு, அந்த வேரு மருந்து சட்டுனு போகாது. மூணு நாலு வாரம் ஒடம்புல இருக்கும். அதுவரைக்கும் கெணத்துப் பக்கம் தனியா விடாதீக."

சேக் தாவூதிடம் மறைக்க வேண்டாம் என்று முடிவுசெய்துதான் வீடு வந்தாள். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை.

"அப்ப இத்தன மாசமா நான் மன்னிப்புக் கேட்டது யாருகிட்ட? மாத்திரகிட்டயா?"

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கேட்டது நீங்க. அது நெசந்தான மச்சான்?"

"பதிலு சொல்லல அவன். சலாத்தோட நிறுத்திக்கிறான். இன்னும் ஒரு மாசம் பழைய மாத்திரயவே குடு புள்ள. சொல்லிருவான்."

"ஒரு மாசத்துல நீங்க கெணத்துக்குள்ள கெடப்பீக."

"கெடக்க மாட்டேன். எம் பேச்சக் கேளு."

"அவுகளும் ஒங்க பேச்சக் கேட்டுத்தான் மாத்திர வாங்கல" என்றாள் சாபிரா. "நானும் கேக்கணுமா?"

இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாதது அது. வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். சேக் தாவூது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டினார். அவள் புது மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு சாபிரா தினமும் அவரோடு தோட்டத்துக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள். திடீரென்று அவர் ஆளில்லாத பாதையைப் பார்த்து, "வ அலைக்கும் ஸலாம்" என்பார். பிறகு அவருடைய உதடுகள் அசையும். அவள் தலையை நிமிர்த்தாமல் உரித்துக்கொண்டிருப்பாள். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பினால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். முதல் வாரம் தினமும் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு நான்கு நாள் இடைவெளி. அவருக்கு மூக்கடைப்பு விட்டது. ஒரு நாள் கவாத்துக் கத்தியைக் கேட்டு வாங்கி இரண்டு கொடியை வெட்டினார்.

மார்கழி பாதியில், தொடர்ந்து ஒன்பது நாள் யாரும் வராத பிறகு, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, "கபரஸ்தானுக்குப் போய்ட்டு வருவம்" என்றார். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் அங்கே போனதில்லை.

சாபிரா வெளிவாசலில் நின்றுகொண்டாள். அங்கே போனால் உயிரோடிருப்பவர்தான் முதலில் சலாம் சொல்ல வேண்டும். அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு பேசியது கேட்கவில்லை. வெயில் ஏறும்வரை தம்பியின் தலைமாட்டு மீசான் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டார்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"ஒண்ணும் சொல்லல" என்றார் சேக் தாவூது. நான்கு எட்டு நடந்த பிறகு, "சொல்ல மாட்டான்" என்றார்.

அவள் அவருக்குப் பக்கத்தில் நடந்தாள். மத்தியான மாத்திரைக்கு இன்னும் நேரமிருந்தது.