மை இல்லாத பெயர்

வடவள்ளியில் முதல் கார்டை வாங்கிய பெரியம்மா கேட்டருகில் நின்றே படித்தார். படித்ததும் நான்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார்.

"மனசுல வெச்சுக்காத கண்ணு. துக்கக் கார்டு ஊட்டுக்குள்ள வரக்கூடாதில்ல."

சபரீஷுக்கும் தெரிந்த வழக்கம்தான். வந்த துக்கக் கார்டுகளை அவனும் அப்படிக் கிழித்துப் போட்டவன்தான். ஆனால் இது அவன் மனைவி ரித்திகாவின் முதலாமாண்டு நினைவு நாள் கார்டு. கறுப்பு மையில் அச்சான அவள் பெயர் பாதியாகிச் சாக்கடையில் மிதந்தது. மீதிக் கார்டுகளைக் கொடுக்காமல் வீடு திரும்பினான். ஒரு வீட்டிலாவது அவள் பெயர் உள்ளே போக வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் மேசையில் எம்பாசர் இருந்தது. ஸ்டேப்ளரைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே தாளைச் செருகிக் கைப்பிடியை அமுக்கினால், மையே இல்லாமல் ஒரு யானையும் அதைச் சுற்றி அவள் பெயரும் புடைத்து எழும். ஆர்டர் கொடுத்துச் செய்ய வைத்தது. கடிதத்தாள், உறை, புத்தகத்தின் முதல் பக்கம் என்று எதையும் அவள் விட்டதில்லை. ஒருமுறை கரண்டு பில்லிலும் அமுக்கிவிட்டாள்.

"அப்பா தோப்புக்கு வர்ற யானை தென்னையச் சாய்ச்சுப்போடுதுங்க. என்ர யானை காயிதத்தத்தான் மிதிக்கும்" என்பாள்.

அவள் போனபின் அதை அவன் தொட்டதில்லை; இப்போது எடுத்தான். முதல் கார்டில் யானை தலைகீழாக விழுந்தது. அடுத்ததைத் திருப்பிச் செருகி, அச்சில்லாத கீழ்ப்பகுதியில் அமுக்கினான். பார்த்தால் வெறும் தாள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தான். யானை எழுந்து நின்றது. பிறகு எல்லாக் கார்டிலும் அமுக்கினான்.

மறுநாள் காலை தொண்டாமுத்தூர் போனான். மாமனார் குமாரசாமி கேட்டுக்கு வந்து கார்டை வாங்கினார். மாமியார் சாந்தாமணி பின்னால் நின்றார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"ஆச்சுங்க அத்தை."

"பேண்ட்டு இடுப்புல நிக்கல. ஆச்சாமா."

குமாரசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசையப் படித்தார். சம்பிரதாயத்தில் இம்மியும் பிசகாதவர். கிழிக்க இரண்டு கையாலும் கார்டைப் பிடித்தார். சபரீஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிழியும் சத்தம் வரவில்லை. அவர் கட்டைவிரல் கார்டின் கீழே எதிலோ தட்டி நின்றிருந்தது.

"என்னங்க மாப்ள, மேடா இருக்குது?"

"வெயில்ல சாய்ச்சுப் பாருங்க மாமா."

சாய்த்தார். முதலில் துதிக்கை வந்தது. பிறகு முதுகு. பிறகு ஒவ்வொரு எழுத்தாக மகளின் பெயர், ஒரு சொட்டு மை இல்லாமல், வெறும் நிழலால். கை லேசாக அசைந்தால் மறைந்தது, மறுபடி வந்தது. சாந்தாமணி விரலை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

குமாரசாமி கார்டைக் குறுக்கே மடித்து நகத்தால் நீவினார். அச்சடித்த மேல்பாதியைத் தனியே கிழித்து, அதை மேலும் துண்டாக்கிக் கேட்டுக்கு வெளியே போட்டார். கீழ்ப்பாதி கையிலேயே இருந்தது.

"அதையும் போட்டுருங்க" என்றார் சாந்தாமணி, குரலே எழாமல்.

"இதுல ஒண்ணுமே அச்சடிக்கலையே சாந்தா. வெறும் காயிதந்தான்."

தண்ணீரை ஏந்துவது போல் அதை உள்ளங்கைகளில் ஏந்தி அவர் நடந்தார். வெள்ளைத் தாள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகும்வரை சபரீஷ் கேட்டுக் கம்பியை விடவில்லை.